பதினொரு அட்டைகளும் ஒரு நகவெட்டியும்

அந்தச் செடியை என் கண்ணில் காட்டக் கூடாது. கல்குடாவில் என் வீட்டுப் படலையிலிருந்து பஸ் நிற்கும் சந்தி வரைக்கும் ஒரு மணல் ஒழுங்கை. மாரி முடிந்த கையோடு அதன் இரண்டு கரையிலும் முளைத்துவிடும். வேறு எந்தச் செடியும் நிற்க வெட்கப்படும் இடமாகப் பார்த்துத்தான் நிற்கும்: இடித்துக் கொட்டிய கல்லுக்குள், குப்பை எரித்த சாம்பலில், யாரோ கட்டத் தொடங்கிக் கைவிட்டுப் போன ஹோட்டல் மதிலோரத்தில். நீலம் கலந்த பச்சை இலை. நரம்புகள் வெள்ளை, சுண்ணாம்புக் கையை யாரோ துடைத்துவிட்டுப் போனதுபோல. இலை விளிம்பில் முள், தண்டில் முள், மொட்டில் முள், காயில் முள். பூ மட்டும் நல்ல மஞ்சள், எண்ணெய்த்தாள் மாதிரி மெல்லிசு. இன்றைக்கு விரிந்தால் நாளைக்கோ மறுநாளோ உதிர்ந்துவிடும். இவ்வளவு முள்ளையும் கட்டிக் காவல் காத்தது இந்த இரண்டு நாள் பூவுக்காகவா என்று கேட்கத் தோன்றும்.

வைத்தியப் புத்தகக்காரர் இதற்குப் பிரமதண்டு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பிரமனுக்கு வேறு தடி கிடைக்கவில்லையாக்கும். எங்கள் ஒழுங்கையில் ‘அந்த மஞ்சப்பூ முள்ளு’ என்று கையைக் காட்டுவதோடு சரி. உண்மையில் இது எங்கள் செடியே இல்லை. மெக்சிக்கோ பக்கத்துச் சரக்கு. எந்தக் கப்பலில், எந்தத் தானிய மூட்டைக்கு அடியில் கிடந்து வந்ததோ, இறங்கிய தீவிலெல்லாம் சொந்த வளவு மாதிரிக் குடியேறிவிட்டது. ஒடித்தால் மஞ்சள் பால் வடியும், சட்டையில் பட்டால் பிறகு அந்தச் சட்டை வீடு துடைக்கத்தான். காய் முற்றினால் நுனியில் மட்டும் வெடித்து, காற்று ஆட்ட ஆட்ட உப்புப் போத்தல் மாதிரி விதை தூவும். கடுகென்று நினைக்கக்கூடிய கறுப்பு விதை. கடுகோடு கலந்து எண்ணெயாகி வயிற்றுக்குள் போனால் ஆளையே வீங்க வைத்துவிடும். இப்படி ஒரு நல்ல குணமும் இல்லாத செடிக்குத்தான் பதினொரு அட்டை ஒட்டினேன்.

இதெல்லாம் தெரிந்திருப்பதால் என்னைப் படித்தவன் என்று எண்ணிவிட வேண்டாம். வாவிக் கரையில் ஒரு சிறிய தாவர ஆய்வு நிலையத்தில் செடி ஒட்டுவது என் வேலை. நிலையத்தின் பெயர் வேண்டாம். ஒருவர் செடியைப் பிடுங்கிக்கொண்டு வருவார். அல்லது என்னைப் பிடுங்கி வரச் சொல்லுவார். அதைப் பழைய பேப்பருக்குள் விரித்து, பலகைக்கு இடையில் வைத்து, வார்ப்பட்டியால் இறுக்கிக் காயவைப்பேன். காய்ந்ததைத் தடித்த வெள்ளை அட்டையில் ஒட்டி, கீழ் மூலையில் எங்கே எடுத்தது, எப்போது எடுத்தது என்று சீட்டு வைப்பேன். பிறகு அது அலுமாரிக்குள் போகும். போனால் போனதுதான்.

அந்த அலுமாரிகளைப் பற்றி ஒரு வார்த்தை. எனக்குத் தெரிய நாலு பணிப்பாளர்கள் வந்து போனார்கள். விருந்தாளிகள் வந்தால் ஒவ்வொருவரும் அவர்களை உலர்செடி அறைக்குக் கூட்டி வந்து, “எங்கட சேகரம்” என்று அலுமாரியில் இரண்டு தட்டுத் தட்டுவார்கள். தட்டுவார்களே தவிர, திறந்து பார்த்தவர் ஒருவரும் இல்லை. திறந்தால் நப்தலின் மணம் வரும், தும்மல் வரும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இவர்கள் ஏட்டையும் பார்க்கவில்லை, சுரைக்காயையும் பார்க்கவில்லை, ஆனால் சுரைக்காயைப் பற்றி வருஷத்துக்கு ஒரு அறிக்கை எழுதினார்கள். சாவி என் இடுப்பு வளையத்தில் தொங்கியது. சாவியோடு ஒரு நகவெட்டியும்.

நகவெட்டி வந்த கதை இது. எனக்குச் சீனி வருத்தம், சின்னக் காயமும் லேசில் ஆறாது. ஒருமுறை இந்த மஞ்சப்பூ முள்ளை விரிக்கும்போது காய் முள்ளொன்று பெருவிரலுக்குள் ஏறி, புண்ணாகி, சீழ் வைத்து, கிளினிக்கில் நகத்தோடு எடுக்க வேண்டியதாகிவிட்டது. மூன்று மாதம் இடது கையால் சோறு தின்றேன். அத்தோடு, அந்த முள் பேப்பரையும் குத்திக் கிழிக்கும், மேலே வைத்த அடுத்த செடியையும் குத்தும், அட்டையில் படியவும் படியாது. ஆகவே அடுத்தமுறை நகவெட்டியை எடுத்தேன். தண்டு, இலை விளிம்பு, காய் என்று முள்ளையெல்லாம் டிக் டிக்கென்று வெட்டி எறிந்தேன். செடி பேப்பருக்குள் படுத்த படுக்கையாகப் படிந்தது. அட்டையில் ஒட்டிப் பார்த்தபோது சவரம் செய்த முகம் மாதிரி அழகாக இருந்தது.

அது பிழை என்று எனக்குத் தெரியாதா? தெரியும். செடியை உள்ளபடி ஒட்ட வேண்டும், அதுதான் அந்த வேலையின் முழு அர்த்தமும். ஆனால் யார் பார்க்கப் போகிறார்கள்? வருஷம் ஒருமுறை அந்தச் செடியின் மாதிரி கேட்பார்கள், கணக்குக் காட்ட. நானும் பஸ்ஸுக்குப் போகிற வழியில், என் ஒழுங்கையில், கைக்கு எட்டினதை ஒடித்து வருவேன். வெட்டுவேன், ஒட்டுவேன், பூட்டுவேன். அப்படிப் பதினொரு வருஷம், பதினொரு அட்டை.

அப்போதுதான் அந்த மெடம் வந்தார்.

வந்தாறுமூலைக் கம்பஸில் படித்து, பிறகு வெளிநாட்டில் டொக்டர் பட்டம் எடுத்து வந்தவர். முப்பத்தைந்து வயது இருக்கும். முதல் நாளே எனக்குப் பிடிக்கவில்லை. வெயிலுக்குக் குடை பிடித்துக்கொண்டு செடி பார்க்கப் போகிற ஆளை எப்படிப் பிடிக்கும்? சப்பாத்துக்குள் மணல் போனால் நடு வழியில் நின்று கழற்றித் தட்டுவார். என்னை “அண்ணன்” என்று கூப்பிடுவார், நான் செய்கிற ஒவ்வொரு சின்ன வேலைக்கும் “தேங்க்ஸ் அண்ணன்” என்பார். இவ்வளவு தேங்க்ஸ் சொல்கிற ஆளிடம் ஏதோ கோளாறு இருக்கத்தான் வேண்டும் என்று நினைத்தேன்.

அவருக்கு இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை. ஒருமுறை தள்ளிப் போட்டிருந்தார்கள். அடுத்த சித்திரைக்குள் சொந்தமாக ஒரு ஆய்வு காட்டாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. கந்தோருக்கும் பணிப்பாளர் அறைக்கும் இடையில் கோப்புத் தூக்குகிறவனுக்குத் தெரியாத இரகசியம் என்ன இருக்கிறது?

ஆவணி மாதம், கொதிக்கிற வெயில். மஞ்சப்பூ முள்ளெல்லாம் காய்ந்து கருகிச் சருகாகிப் போன காலம். வெளியில் பார்க்க ஒன்றும் இல்லாததால் மெடம் என்னிடம் சாவி வாங்கினார். வளையத்தோடு கொடுத்தேன். அலுமாரியைத் திறந்தார். தும்மினார். ஆனால் மூடவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மேல் தட்டிலிருந்து ஒவ்வொரு அட்டையாக எடுத்துப் பார்க்கத் தொடங்கினார். மூன்று நாள் பார்த்தார். நாலாம் நாள் காலையில் என்னைக் கூப்பிட்ட குரல் வாசல் காவலாளிக்கும் கேட்டிருக்கும்.

“அண்ணன்! இஞ்ச ஓடி வாங்க!”

மேசை நிறையப் பதினொரு அட்டையும் வரிசையாகக் கிடந்தன. பக்கத்தில் தலைநகரிலிருந்து இரவல் வாங்கிய ஒரு அட்டை, முள்ளோடு.

“இத நீங்கதானே எடுத்த?”

“ஓம் மெடம்.”

“எல்லாம் கல்குடாவிலயா?”

“ஓம்.”

“ஒண்டிலயும் முள் இல்லையே அண்ணன்! பாத்தீங்களா? முள் இருக்க வேண்டிய இடத்தில சின்னச் சின்ன மொட்டையாக் கிடக்கு. பதினொரு வருஷமா ஒரே இடத்தில, ஒரே மாதிரி!”

நான் வாயைத் திறந்தேன். அந்த நேரத்தில் சொல்லியிருந்தால் இரண்டு பேரும் சிரித்துவிட்டுத் தேத்தண்ணி குடித்திருப்போம். அதற்குள் அவர் ஒரு அட்டையைக் கையில் தூக்கிப் பிடித்து, “எவ்வளவு துப்புரவா ஒட்டியிருக்கீங்க. இப்பிடி வேலை நான் வெளிநாட்டிலயும் காணல்ல” என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

மூடியதற்கு அன்றைக்கு நான் எனக்குச் சொல்லிக்கொண்ட காரணம் வேறு. டொக்டர் பட்டம் எடுத்த ஆளுக்கு நகவெட்டி வெட்டுத் தெரியவில்லை என்றால், அதைச் சொல்லிக் கொடுக்கச் சம்பளம் எனக்கா என்பதுதான் அது. அந்த நினைப்பில் எனக்கு நல்ல புழுகம், உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். பஸ்ஸில் போகும்போது தனியாகச் சிரித்தேன், பக்கத்தில் இருந்தவர் நகர்ந்து உட்கார்ந்தார்.

அதன் பிறகு இரண்டு மாதம் நடந்தது ஒரு கூத்து. மெடம் பெரிதாக்கிக் காட்டும் கைவில்லையைக் கண்ணில் பொருத்திக்கொண்டு, நான் வெட்டிய அடிக்கட்டைகளை அடிமட்டம் வைத்து அளந்தார். நான் பக்கத்தில் நின்று விளக்குப் பிடித்தேன். எல்லாக் கட்டையும் கிட்டத்தட்ட ஒரே உயரம் என்று அவருக்கு ஆச்சரியம். ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? நகவெட்டி ஒன்றுதானே. அதுவும் அவருடைய மேசையிலேயே, சாவி வளையத்தில், அவர் கைக்கு ஒரு சாண் தூரத்தில் கிடந்தது. ஒருநாள் அட்டையின் மூலை காற்றில் எழும்பியபோது அந்த வளையத்தைத்தான் பாரமாகத் தூக்கி வைத்தார்.

இதற்கு ஒரு தத்துவமும் கண்டுபிடித்தார். பெருநிலத்திலிருந்து தீவுக்கு வந்த செடிகள் நாளடைவில் முள்ளைக் கைவிடுவது உண்டாம். தின்ன வரும் பெரிய மிருகம் தீவில் இல்லாததால் ஆயுதம் எதற்கு என்று போட்டுவிடுமாம். எங்கோ நடுச் சமுத்திரத்தில் ஆளில்லாத் தீவில் அது நடந்திருக்கலாம். இது இலங்கை. அதிலும் எங்கள் பக்கம். ஓட்டமாவடிச் சந்தியில் மாடு படுத்தால் கொழும்பு பஸ்ஸும் நின்றுதான் போகும். கல்குடா ஆடுகள் வேலியைத் தின்னும், சுவரொட்டியைத் தின்னும், காயப்போட்ட சாரனைத் தின்னும். இந்த ஊரில் ஒரு செடி முள்ளைக் கீழே போட்டால் மறுநாள் காலையில் அது இருக்காது. இதை யோசிக்கப் பட்டம் வேண்டியதில்லை, காலையில் எழும்பிப் படலையைத் திறந்தால் போதும். ஆனால் அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மார்கழியில் தலைநகரில் ஒரு கூட்டத்தில் கட்டுரையை வாசித்தார். திரும்பி வந்து அச்சான தாளை எனக்குக் காட்டினார். கடைசிப் பந்தியில் நன்றி என்று போட்டு, மாதிரிகளைத் திருத்தமாகச் சேகரித்துப் பதப்படுத்தியவர் என்று என் பெயரும் இருந்தது. என் பெயரை அச்சில் பார்ப்பது அதுதான் முதல் தரம். கலியாணக் கார்டைக் கணக்கில் எடுக்கவில்லை. அந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டுபோனேன். மனைவிக்குக் காட்டவில்லை, மேசை லாச்சிக்குள் வைத்தேன்.

தை முடிகிற கையோடு, சாவி வளையத்தை என்னிடம் தந்துவிட்டு, ஆறு கிழமைப் பயிற்சிக்கு மெடம் மலைநாட்டுப் பக்கம் போனார். போயிருந்த நேரத்தில் பெரிய கடிதம் ஒன்று வந்தது. இந்தச் செடி வகைகளில் நாட்டிலேயே பெரிய ஆள் என்று சொல்லப்படும் ஒரு பேராசிரியர், முள்ளில்லாச் செடியை உயிரோடு பார்க்கப் பங்குனியில் நேரில் வருகிறார். மெடத்தின் நிரந்தரக் கோப்பும் அதே மாதம் மேலே போக வேண்டும். பணிப்பாளர் கடிதத்தைப் படித்துவிட்டு, “அப்ப அவர் என்ன சொல்லுறாரெண்டு பாத்திட்டு நானும் எழுதுறன்” என்று கோப்பை ஓரமாக வைத்தார். சொந்தமாக ஒரு வரி எழுத வேண்டிய தொல்லை அவருக்கு நீங்கியது.

மாசி மாதம் என் ஒழுங்கையில் மஞ்சப்பூ முள்ளு முழுசாகப் பூத்து நின்றது. மெடம் போன் எடுத்தார்.

“பூத்திட்டா அண்ணன்?”

“பூத்திருக்கு மெடம்.”

“ஒரு படம் எடுத்து வட்ஸ்அப்பில அனுப்புங்களேன்.”

“என்ட போன்ல படம் தெளிவா வராது மெடம். நேரில பாத்துக்கலாமே.”

டுபாயிலிருந்து மகள் அனுப்பிய போன் அது. எறும்பின் கால் தெரியும். கையில் அதைப் பிடித்துக்கொண்டு, முள்ளுக்கு முன்னால் நின்றுகொண்டுதான் அந்தப் பொய்யைச் சொன்னேன். அதுவரைக்கும் நான் சும்மா இருந்தேன் என்றாவது சொல்லலாம். அதற்குப் பிறகு அப்படிச் சொல்ல வழியில்லை.

மெடம் பயிற்சி முடிந்து வந்த மறுநாளே பேராசிரியரும் வந்துவிட்டார். சின்ன உருவம், வயதானவர், தலையில் துணித் தொப்பி. சிங்களவர், எங்களோடு ஆங்கிலத்தில் பேசினார். வேனில் முன் ஆசனத்தில் பணிப்பாளர், நடுவில் பேராசிரியரும் மெடமும், பின்னால் நான் பலகையோடும் பழைய பேப்பரோடும். மெடம் பழைய அட்டைகளில் இரண்டைத் துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தார், தடுப்பூசிக்குக் கொண்டுபோகிற குழந்தை மாதிரி. வழி நெடுகச் சந்தோஷமாகக் கதைத்தார். வாழைச்சேனை தாண்டும்போது திரும்பி என்னைப் பார்த்து, “இண்டைக்கு உங்கட நாள் அண்ணன்” என்றார். இப்போதாவது சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே யன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

இறங்கியதும் அவர்தான் முதலில் நடந்தார். குடை பிடிக்கவில்லை. ஒரு செடியைப் பார்த்தார், அடுத்ததைப் பார்த்தார், மதிலோரம் போனார், திரும்பி வந்தார். முள், முள், முள். பக்கத்தில் ஐந்தாறு ஆடுகள் சகல பூண்டையும் மேய்ந்துகொண்டு அந்தச் செடியை மட்டும் சுற்றி விலகிப் போயின.

“எந்த இடத்தில எடுத்தீங்க அண்ணன்?”

“இஞ்சதான் மெடம்.”

“இதெல்லாம் முள்ளோட கிடக்கே.”

“நான் எடுத்தது முந்தி மெடம்.”

பேராசிரியர் பொறுமையாக நின்றார். சில வேளை அப்படியான செடி நூற்றில் ஒன்றாக இருக்கலாம், தேடிப் பார்ப்போம் என்றார். அதற்கிடையில் சாதாரணச் செடியில் ஒன்றைத் தனக்குப் பதப்படுத்தித் தரச் சொன்னார். நல்ல மனிதர். நான் ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு வேனின் திறந்த கதவடியில் உட்கார்ந்து, பேப்பரை விரித்து, கிளையை வைத்தேன். இந்தப் பொய்யிலிருந்து எந்தப் பக்கத்தால் இறங்குவது என்பதில் இருந்தது என் முழு யோசனையும். வேறு யாரோ ஒருத்தர் முள்ளில்லாச் செடியைப் பிடுங்கிப்போட்டார் என்று சொல்லலாமா? ஒழுங்கை அகலித்தபோது டோசர் வழித்துவிட்டது என்றால்?

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். என் தலை இப்படி யோசித்துக்கொண்டிருக்க, கை தன் பாட்டுக்கு இடுப்பு வளையத்துக்குப் போனது.

டிக். டிக். டிக்.

நாலாவது முள்ளை வெட்டும்போதுதான் யாரும் பேசவில்லை என்பதைக் கவனித்தேன். நிமிர்ந்து பார்த்தேன். மூன்று பேரும் என் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பேராசிரியர் குனிந்து, பேப்பரில் கிடந்த வெட்டு முள்ளொன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்தார். பிறகு மெடத்தின் கையிலிருந்த அட்டையை மெதுவாக வாங்கி, கைவில்லையைப் பிடித்து, ஒரு அடிக்கட்டையைப் பார்த்தார். அட்டையைத் திருப்பிக் கொடுத்தார்.

பணிப்பாளர்தான் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஆடுகள் விலகி ஓடும்படி சிரித்தார். அலுமாரியை ஒருநாளும் திறக்காத மனிதர்.

மெடம் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. என் முன்னால் மணலில் குந்தினார்.

“பதினொண்டையும் இப்பிடித்தான் வெட்டினீங்களா அண்ணன்?”

“ஓம் மெடம். விரல் புண்ணாகிற.”

“நான் அளக்கக்குள்ள விளக்குப் பிடிச்சிக்கிட்டு நிண்டீங்களே.”

“ஓம்.”

“மறுகா ஏன் சொல்லல்ல?”

எனக்கு வந்த பதிலை அப்படியே எழுதுகிறேன், மறைக்க விருப்பமில்லை. “நீங்க கேக்கல்ல மெடம்” என்றேன்.

அவர் என் பெருவிரலைப் பார்த்தார், நகம் கோணலாக முளைத்த அந்த விரலை. எழுந்து மணலைத் தட்டிக்கொண்டு பேராசிரியரிடம் ஆங்கிலத்தில் பேசினார். செடி ஒட்டுகிறவனுக்கு ஆங்கிலம் விளங்காது என்று பெரிய ஆட்கள் நினைப்பார்கள், முப்பது வருஷம் சீட்டெழுதினவனுக்கு விளங்கும். வெட்டின அடையாளம் வில்லைக்குள் தெளிவாகத் தெரிகிறது, தான் பார்க்கத் தவறிவிட்டேன், பிழை முழுக்கத் தன்னுடையது என்றார். பேராசிரியர் என் பக்கம் தலையை அசைத்து ஏதோ கேட்டார். அதற்கு மெடம், இவருக்குச் சொல்லிக் கொடுத்தபடிதான் இவர் செய்திருக்கிறார் என்றார்.

எனக்கு யாரும் அப்படிச் சொல்லிக் கொடுக்கவில்லை. அது அவருக்கும் தெரியும்.

திரும்பி வரும்போது ஓட்டமாவடிச் சந்தியில் மாடுகள் தெருவில் படுத்திருந்தன. வேன் நின்றது.

கட்டுரையைத் தானே திரும்பப் பெற்று, தன் பிழையென்று கடிதம் எழுதினார். பணிப்பாளரும் ஒரு கடிதம் எழுதினார், அதையும் நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். சித்திரை முடிய மெடத்துக்கு வேலை இல்லை. கடைசி நாள், இடையில் மறுபடி வாங்கியிருந்த சாவி வளையத்தை என்னிடம் தந்தார். நகவெட்டி அதில் அப்படியே தொங்கியது. “உங்கட விரலுக்குத் தோல் கையுறை வாங்கித் தரச் சொல்லி எழுதிக் குடுத்திருக்கன் அண்ணன். வராட்டி கேளுங்க” என்றார். நான் “சரி மெடம்” என்றேன். போனவர் எங்கே போனார் என்று தெரியாது. விசாரிக்க எனக்கு வாய் வரவில்லை.

பிறகு அலுமாரியைத் திறந்து பார்த்தேன். பதினொரு அட்டையிலும், என் சீட்டுக்கு மேலே, புதிதாக ஒரு சின்னச் சீட்டு ஒட்டியிருந்தது. அழகான கையெழுத்து: முட்கள் பதப்படுத்துமுன் வெட்டப்பட்டவை, முள்ளில்லா வகை எனப் பிழையாக விவரிக்கப்பட்டது. கீழே அப்படி விவரித்தவர் என்று தன் பெயர், ஒப்பம், திகதி. வெட்டினவன் பெயர் ஒரு சீட்டிலும் இல்லை. அட்டை இருக்கும் காலம் வரைக்கும், யார் திறந்து பார்த்தாலும், முட்டாள் அவர் ஒருவர்தான்.

இந்தக் கதையை நான் நிறையப் பேருக்குப் பகிடியாகச் சொல்லியிருக்கிறேன். தேத்தண்ணிக் கடையில், பஸ்ஸில், கலியாண வீடுகளில். படித்த ஆளை நகவெட்டி வென்ற கதை என்று சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். சொல்லாமல் விட்டது ஒன்றுதான். அன்றைக்கு நான் வாயை மூடியது அவருடைய மடமையைப் பார்த்தல்ல. துப்புரவாக ஒட்டியிருக்கிறீர்கள் என்றாரே, அதற்காகத்தான். முப்பது வருஷத்தில் என் வேலையைப் பற்றி ஒருவர் நல்ல வார்த்தை சொன்னது அது ஒன்றுதான். அதை அந்த நிமிஷமே திருப்பிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. மற்றவர்களை ஏசுகிறேன், அலுமாரியைத் திறக்காத ஆட்கள் என்று. திறந்து, மூன்று நாள் உட்கார்ந்து, என் கை பட்ட ஒவ்வொன்றையும் பார்த்த ஒரே ஆளை நான்தான் துரத்திவிட்டேன். த்தூ, இதுவும் ஒரு பிழைப்பு.

கையுறை எட்டு மாதம் கழித்து வந்தது. தடித்த மாட்டுத் தோல், என் அளவுக்குச் சரியாக இருந்தது. இந்த வருஷமும் என் ஒழுங்கையில் மஞ்சப்பூ முள்ளு பூத்தது. ஒரு கிளை ஒடித்துக்கொண்டு போய், ஒரு முள்ளும் குறையாமல் பன்னிரண்டாவது அட்டையை ஒட்டினேன். பேப்பர் கிழிந்தது, செடி சரியாகப் படியவில்லை, பார்க்க அழகாகவும் இல்லை. ஆனால் முள்ளெல்லாம் இருக்கிறது. அதை அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். இதுவரை யாரும் சாவி கேட்கவில்லை.